'போய் வருகிறேன்' என்றால் என்ன அர்த்தம்?

நமது ஊர்களில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அது அபசகுனம். 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சொல்கிறவருக்கு உடனே திரும்பி வரும் உத்தேசம் கிடையாது. கேட்கிறவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை. இருவருக்கும் இது தெரியும். ஆனால் மாமா 'போய் வருகிறேன்' என்று சொன்ன காரணத்தினால், இரவு வரையில் வாசற்படியில் உட்கார்ந்து அவரை எதிர்பார்க்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர் வராதபோது, மாமா பொய் சொல்லிவிட்டார் என்று அவர்கள் தீர்மானித்தால், தர்க்க சாஸ்திரப்படி அதில் பிழை ஒன்றும் இல்லை.

இதைப்போல் இன்னும் எத்தனை! கையில் பையுடன் கடைத்தெருவை நோக்கிப் போகிறவரைப் பார்த்து, 'என்ன, கடைக்கா?' என்று கேட்கிறோம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் யாரைக் கண்டாலும் 'சாப்பிட்டாயிற்றா?' என்கிறோம். 'ஒரு நாள் வீட்டுக்கு அவசியம் வாருங்கள்' என்று மனமார உபசரிக்கிறோம். அவர் மறுநாளே குடும்பத்துடன் வந்து நின்றால் திகைத்துப் போகிறோம். நன்னூலார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரித்து வைத்தார். 'சாப்பிட்டாயிற்றா?' என்பது அந்த ஆறில் எதில் சேரும் என்று நாம் வகுப்பில் கேட்டால், எந்தப் பையனாலும் நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. இலக்கணத்தில் அகப்படாத இந்த வழக்கங்களைப் பெரும்பாலான குழந்தைகள், யாரும் கற்றுக்கொடுக்காமலே, காற்றிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டிஸம் உள்ள குழந்தைகளுக்கு அந்தக் காற்று வேறு விதமாக வீசுகிறது.

ஆட்டிஸத்துக்குத் தமிழில் 'மதியிறுக்கம்' என்ற பெயர் வழங்கி வருகிறது. நமக்கு அந்தப் பெயரில் பிடித்தம் இல்லை. மதி இறுகிவிட்டதாக யார் கண்டார்கள்? ஆகையால் வைத்தியர்கள் சொல்லும் சொல்லையே இங்கு வைத்துக்கொள்வோம். இது மருந்து கொடுத்துத் தீர்க்கும் நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் ஆதி முதல் உள்ள வித்தியாசம். சிலருக்குப் பேச்சே வருவதில்லை; சிலருக்குப் பேச்சு நிற்பதில்லை. சிலருக்கு இரவு பகலாகத் துணை வேண்டும். சிலர் உத்தியோகம் பார்த்துத் தம் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். 2021-ல் உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் வீதம் ஆட்டிஸம் உள்ளவர்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கலாம் என்று ஆகிறது. நமது நாட்டில் 1995-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் கண்ட ஏழு வகைகளில் ஆட்டிஸம் இடம் பெறவில்லை. 1999-ல் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்ட 21 வகைகளில் அதுவும் ஒன்றாயிற்று.

இந்த விஷயத்தை இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு தாயார் காரணம். திருநின்றவூரில் நமக்குத் தெரிந்த குடும்பம். தாயார் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். பையனுக்கு வயது 12. ஆட்டிஸம் என்று வைத்தியர்கள் சொல்லி ஆறு வருஷங்கள் ஆகின்றன. நன்றாகப் பேசுவான், கணக்கில் கெட்டிக்காரன், சிநேகிதர் மட்டும் ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை ஒன்றாக உட்கார வைத்து, பிறருடன் பேசவும் பழகவும் பயிற்றுவிக்கும் வகுப்புகள் சென்னை நகரத்தில் நடப்பதாகக் கேள்விப்பட்டு, அந்த அம்மாள் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். போவதற்கு மின்சார ரயில், பிறகு பஸ். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். தைத்த துணிகளை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க ஜனங்கள் வருவதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். முட்டுக்காட்டில் மத்திய அரசாங்கத்தின் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனம் 2005 முதல் நடந்து வருகிறது. ஆனால் அது கிழக்குக் கடற்கரைச் சாலையில். நாம் இருப்பதோ அரக்கோணம் ரயில் பாதையில்.

"ஸார், இவ்வளவு பாடுபட்டு அழைத்துக்கொண்டு போனால், இவனுக்கு ஒரு சிநேகிதனாவது கிடைப்பானா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

கேள்வி சிறியது, பதில் சுலபமானதல்ல. ஆனால் உலகத்தில் சிலர் இதே கேள்வியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வகை வகுப்புகளில் மிகவும் பிரசித்தமானது 'பியர்ஸ்' என்ற பாடத்திட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் எலிஸபெத் லாகெஸன் அம்மையாரும் பிரெட் பிராங்கெல் என்பவரும் அதை வகுத்தார்கள். 2009-ல் அதன் முதல் பரீட்சை பிரசுரமாயிற்று. வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், 14 வாரங்கள். பிள்ளைகள் ஓர் அறையிலும் அதே சமயத்தில் பெற்றோர்கள் வேறோர் அறையிலும் படிக்க வேண்டும். வீட்டுப் பாடமும் உண்டு. ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்து அவனோடு பொழுது போக்குவது அதில் முக்கியமானது.

நாமும் உபாத்தியாயர் ஆனபடியால், இந்தத் திட்டத்தில் ஒரு விஷயம் நம் மனத்தைக் கவர்ந்தது. பெரியவர்கள் நல்லதென்று நினைப்பதை அது கற்பிப்பதில்லை. சிநேகிதர்களைச் சுலபமாகச் சம்பாதிக்கும் பிள்ளைகள் நிஜமாக என்ன செய்கிறார்கள் என்று கவனித்து, அதையே படிப்படியாகப் பிரித்துச் சொல்கிறது. உதாரணமாக, விளையாட்டு மைதானத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'போய், உன் பெயரைச் சொல்லிச் சேர்ந்துகொள்' என்பது பெரியவர்கள் தரும் உபதேசம். அப்படிப் போய்ப் பெயரைச் சொன்ன பையனை அந்த நாலு பேரும் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. வகுப்பில் கற்றுத்தருவது வேறு: கொஞ்சம் தள்ளி நின்று என்ன பேசுகிறார்கள் என்று கேள்; உனக்கும் தெரிந்த விஷயம்தானா என்று பார்; பேச்சில் சிறிது இடைவெளி விழும்போது அந்த விஷயத்தைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்; அவர்கள் உன் பக்கம் திரும்பாவிட்டால் மனக்கசப்பு இல்லாமல் விலகி வா. கேலி செய்தால் என்ன செய்வது? 'உபாத்தியாயரிடம் சொல்', 'காதில் போட்டுக்கொள்ளாதே' என்பவை நாம் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும் இரண்டு மருந்துகள், இரண்டும் பலித்ததில்லை. 'அதனால் என்ன?' என்று அலட்சியமாக ஒரு சிறு பதில் சொல்லிவிட்டு நகர்ந்து போவதையே அங்கே பழக்குகிறார்கள். இது வாய்ப்பேச்சில் செய்யும் கேலிக்கு மட்டும். அடிதடி என்றால் பெரியவர்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

தென் கொரியாவிலும் ஜப்பானிலும் இஸ்ரேலிலும் இந்தத் திட்டத்தைத் தங்கள் தேசத்து வழக்கங்களுக்கு ஏற்பத் திருத்தி நடத்தியிருக்கிறார்கள். திருத்தாமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அயல் நாடு போக வேண்டாம். பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று சில பயிற்சிக்காரர்கள் பிள்ளைகளை வற்புறுத்துகிறார்கள். நமது வீடுகளில் தாத்தாவின் கண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லும் பேரனுக்கு என்ன பெயர் கிடைக்கும்? தலை குனிந்து பேசுவது நம்மிடம் மரியாதை. கண்ணைப் பார்ப்பது உடம்பெல்லாம் கூசும்படி இருக்கிறது என்று ஆட்டிஸம் உள்ளவர்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். நாமே கேட்டுப் பெறாத ஒன்றை, அவர்களை வருத்தி எதற்காகப் பழக்க வேண்டும்?

சரி, பலன் எப்படி? 2012-ல் காக்ரேன் என்ற ஸ்தாபனத்தின் சார்பில், இத்தகைய வகுப்புகளைப் பற்றிய ஐந்து பரீட்சைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐந்தும் அமெரிக்காவில் நடந்தவை. 6 முதல் 21 வயது வரையில் 196 பேர். பழகும் திறமை ஓரளவு வளர்ந்தது. சிநேகத்தின் தரம் உயர்ந்தது. தனிமை உணர்ச்சி சற்றுக் குறைந்தது. பிறர் முகத்தைப் பார்த்து மனத்தை அறிவதிலோ, மரபுத் தொடர்களைப் புரிந்துகொள்வதிலோ வித்தியாசம் தெரியவில்லை. 'போய் வருகிறேன்' விவகாரம் அவ்வளவு சீக்கிரம் தீராது போலும்! 2017-ல் 19 பரீட்சைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது இன்னொரு விஷயம் வெளியாயிற்று. வகுப்பினால் மிகுந்த பலன் உண்டு என்று சொன்னவர்கள் பிள்ளைகளே. ஆனால் அவர்கள் சொன்னது பெரும்பாலும் 'இன்னது செய்ய வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்' என்பதுதான். 'நான் அப்படிச் செய்கிறேன்' என்பதல்ல. பெற்றோருக்குச் சிறிது மாறுதல் தெரிந்தது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கோ குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் தென்படவில்லை.

நீச்சலைப் புஸ்தகத்தில் படித்த கதைதான். ஆனால் குற்றம் படித்தவனுடையதா, குளத்தினுடையதா என்று கேட்க வேண்டாமா?

இதையும் ஒருவர் சோதித்திருக்கிறார். கோனி கஸாரி என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் படிக்கும், ஆட்டிஸம் உள்ள 60 சிறுவர் சிறுமியரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு நேராகப் பயிற்சி கொடுத்தார்கள். வேறு சிலர் விஷயத்தில் அவர்களை விட்டுவிட்டு, அவர்களோடு படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்: தனியாக நிற்கும் பையனை எப்படி அணுகுவது, விளையாட்டில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று. 2012-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? வகுப்புத் தோழர்களுக்குக் கொடுத்த பயிற்சியே அதிகப் பலன் தந்தது. மைதானத்தில் தனித்து நிற்பது குறைந்தது. 'என் சிநேகிதன்' என்று அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொன்னவர்கள் அதிகமானார்கள்.

அதே 2012-ல், இங்கிலாந்தில் டேமியன் மில்டன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சமூக சாஸ்திரி. அவருக்கே ஆட்டிஸம் உண்டு. ஆட்டிஸம் உள்ளவனுக்குப் பிறர் மனம் புரியவில்லை என்கிறீர்களே, பிறருக்கு அவன் மனம் புரிந்ததா என்பது அவருடைய கேள்வி. புரியாமை இரண்டு கரையிலும் உண்டு. பழியை மட்டும் ஒரு கரையில் இறக்கி வைத்திருக்கிறோம். இது வெறும் வாதம்தானா என்று எடின்பரோ சர்வகலாசாலையில் காதரின் கிராம்ப்டன் அம்மையாரும் பிறரும் சோதித்தார்கள். பிள்ளைகள் விளையாட்டில் ஒருவர் காதில் ஒருவர் செய்தி சொல்லி அனுப்புவதைப்போல, எட்டு எட்டுப் பேராக ஒரு கதையைக் கைமாற்றச் செய்தார்கள். 2020-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், ஆட்டிஸம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குக் கொஞ்சமும் குறையவில்லை. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் கதை அதிகமாகச் சிதைந்தது. 300-க்கும் மேற்பட்டவர்களை வைத்து மறுபடியும் செய்து 2025-ல் வெளியிட்ட சோதனையில் கலந்த வரிசையும் மற்றவற்றுக்குச் சமமாகவே இருந்தது. ஆகவே 'கலந்தால் சிதையும்' என்பதை அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஆட்டிஸம் உள்ளவர்களுக்குச் செய்தி சொல்லத் தெரியாது என்ற பழைய அபிப்பிராயம் இரண்டு முறையும் தோற்றது.

திருநின்றவூர்வாசிகளுக்கு இதை விளக்க ஒரு கதை கைவசம் இருக்கிறது. நம் ஊர் இருதயாலீசுவரர் கோயிலுக்குக் காரணமான பூசலார் நாயனாரை யார் அறியார்? கையில் பொருள் இல்லாமல், அவர் மனத்துக்குள்ளேயே கல் அடுக்கி, சிகரம் வைத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ அரசன், கனவில் ஆணை பெற்று இவ்வூர் வந்து, 'பூசலார் கட்டிய கோயில் எங்கே?' என்று கேட்டான். 'அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை' என்றார்கள் ஊரார். பக்கத்தில் இருந்து தினமும் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தேடி வந்து விசாரித்தவனுக்குத் தெரிந்தது. பூசலாருக்கு ஆட்டிஸம் என்று சொல்ல வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த விபரீதம் நமக்கு எதற்கு? ஊராரைப் பற்றித்தான் சொல்ல வந்தோம்.

வேறு விதமான ஊராரும் உண்டு. 1943-ல் லியோ கானர் என்ற வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிஸம் என்ற பெயர் பரவலாயிற்று. அந்த 11 பேரில் முதல்வர் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்தில் பாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-ல் பிறந்தவர். அவர் காலத்தில் பியர்ஸும் இல்லை, வேறு வகுப்பும் இல்லை. ஆனால் அவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார், கல்லூரியில் பிரெஞ்சு மொழி கற்றார், ஊர்ப் பாங்கியில் வேலை பார்த்தார், கால்ப் ஆடினார், தனியாகவே தேச தேசாந்தரங்கள் சுற்றி வந்தார். தமக்குப் பிடித்தவர்கள்மேல் ரப்பர் வளையத்தைச் சுண்டி விடுவது அவருடைய வழக்கம். ஊரார் அதைச் சிநேகத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2023-ல் தமது 89-வது வயதில் காலமானார். அவர் குடும்பம் செல்வாக்குள்ளது, அந்தப் பாங்கியிலும் அதற்குப் பாத்தியதை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் தையற்கார அம்மாளிடம் பாங்கி கிடையாது. ஆயினும் ரப்பர் வளையத்தைப் பொறுத்துக்கொள்ளப் பாங்கி எதற்கு?

வகுப்புக்கே போக வேண்டாம் என்று நாம் சொன்னதாக வாசகர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அம்மாளிடம், போய்ப் பார்க்கும்படிதான் சொன்னோம். தன்னைப் போன்ற ஏழு பேரை முதல் முதலாகக் காண்பதே ஒரு பையனுக்குப் பெரிய காரியம். இதற்கு மனோதத்துவ நிபுணர் டேனியல் லெகாப் என்பவரின் அநுபவம் சாட்சி. அவரிடம் வந்த இரண்டு சிறுவர்கள் காத்திருக்கும் அறையில் தற்செயலாகச் சந்தித்தார்கள். இருவர் கையிலும் 'லெகோ' என்னும் அடுக்கு விளையாட்டுக் கட்டைகள். அதுவரையில் யாரிடமும் ஒட்டாத இருவரும் உடனே ஒட்டிக்கொண்டார்கள். அதைக் கண்டு அவர் ஒரு முறையை ஏற்படுத்தி 2004-ல் வெளியிட்டார். ஒருவன் படத்தைப் பார்த்து இன்ன துண்டு என்று சொல்வான், ஒருவன் அதைத் தேடி எடுத்துக் கொடுப்பான், ஒருவன் பொருத்துவான், பிறகு முறை மாறும். மூவரும் பேசினாலன்றிக் கட்டடம் எழும்பாது. இங்கிலாந்தில் 250 குழந்தைகளை வைத்துப் பள்ளிக்கூடங்களில் சோதித்து 2023-ல் வெளியிட்டபோது, பலன் சிறியதுதான், ஆனால் உண்டு என்று தெரிந்தது.

அம்மாளிடம் இன்னும் ஒன்றும் சொன்னோம். பையனைப் 'பார்த்தால் தெரியாதபடி' ஆக்கித் தருகிறோம் என்று யாராவது வாக்களித்தால், அங்கே பணம் கட்ட வேண்டாம். இயல்பை மறைத்துப் பிறரைப்போல் நடித்துக்கொண்டே காலம் தள்ளுவது மனிதனை நசுக்கிவிடும். இவ்விதம் மறைத்து வாழ்வதற்கும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக 2018-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. கைகளை அசைப்பதை நிறுத்து, கண்ணைப் பார் என்று மட்டும் சொல்லும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். கேலி செய்கிறவனிடம் என்ன சொல்வது, 'வேண்டாம்' என்று எப்படி மறுப்பது, சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு பணம் பிடுங்குகிறவனை எப்படிக் கண்டுகொள்வது என்று கற்றுக்கொடுக்கும் இடமானால், ரவிக்கை வாங்க வருகிறவர்களைச் சனிக்கிழமை வரச் சொல்லலாம்.

மற்றப் பாதிப் பயிற்சி நமது பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது. அதற்கு ரயில் டிக்கட் வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் ஆரம்பித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் ரயில் கழகம். அரக்கோணம் பாதையின் படம் ஒன்றைச் சுவர் நீளத்துக்குத் தயாரிக்கிறார்கள். ஒருவன் கால அட்டவணையைப் படிக்க வேண்டும். ஒருவன் அளவெடுத்துச் சொல்ல வேண்டும். ஒருவன் வரைய வேண்டும். வாரத்துக்கு வாரம் முறை மாறும். எந்தப் பையன் எதற்காகச் சேர்க்கப்பட்டான் என்று யாருக்கும் சொல்லவில்லை. சுற்றி வளைத்துப் பேசக் கூடாது, நினைப்பதை நேராகச் சொல்ல வேண்டும் என்பது கழகத்தின் ஒரே விதி. மற்றப் பிள்ளைகளுக்குத்தான் அது கஷ்டமாக இருக்கிறது. பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு வரையில் படம் ஆகியிருக்கிறது. இதுவரையில் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு ரயிலைக் காட்டிலும் அரக்கோணம் ஸ்டேஷனில் விற்கும் வடையிலேதான் சிரத்தை அதிகம். வடைக் கடையையும் படத்தில் போட வேண்டும் என்று அவன் பிரேரணை கொண்டுவந்திருக்கிறான். அது அடுத்த வெள்ளிக்கிழமை விவாதத்துக்கு வருகிறது.